பள்ளிக்கூடத்துக்கு வரும் பாவைக்கூத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல் பக்கத்து ஊர்களில், அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பாவைக்கூத்தைக் கொண்டுபோகும் சின்னக் குழு எங்களுடையது. நான்கு பேர், ஒரு லோடு ஆட்டோ, இரண்டு தகரப் பெட்டி. நாங்கள் போகும் பள்ளிகளில் பிள்ளைகளின் அம்மா அப்பா உப்பளத்திலோ தீப்பெட்டி ஆபீஸிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பார்கள். எங்களைக் கூப்பிடும் ஆசிரியர்களும், பள்ளி மேலாண்மைக் குழுக்காரர்களும், தாங்களும் இப்படி ஒன்று தொடங்கலாமா என்று யோசிக்கும் இளைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறோம்.

எந்த வகைக் கூத்து? கயிறு கட்டி ஆட்டும் பொம்மலாட்டமா?

இல்லை. கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்து மரப்பொம்மலாட்டம் வேறு. அதில் பெரிய பொம்மை நாலரை அடி உயரம், 10 கிலோ எடை வரும். ஆட்டுபவர் தலையில் வளையம் மாட்டி, அதிலிருந்து கயிற்றை இறக்கி, கைக்குக் கம்பி வைத்து ஆட்டுவார். பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் அதை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நாளுக்கு ஒரு பள்ளி என்று சுற்ற முடியாது.

நாங்கள் எடுத்துப் போவது இரண்டு. முதலாவது தோல்பாவை. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவம் வரைந்து, உளியால் துளை போட்டு, இரண்டு பக்கமும் சாயம் ஏற்றி, நடுவில் மூங்கில் பிளாச்சு கட்டியது. வேட்டித் திரைக்குப் பின்னால் விளக்கு, விளக்குக்கும் திரைக்கும் நடுவில் பாவை. இரண்டாவது கையுறைப் பொம்மை. கைக்குள் மாட்டிக்கொண்டு விரலால் தலையையும் கையையும் அசைப்பது. பார்க்க எளிய பொம்மை இதுதான், பள்ளியில் அதிகம் வேலை செய்வதும் இதுதான்.

பள்ளிக்கூடம் நடப்பது பகலில். நிழல் எப்படித் தெரியும்?

முதல் வருடம் இந்தக் கேள்வியை யாரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. போய் இறங்கினால் நான்கு பக்கமும் ஜன்னல், இரண்டுக்குக் கதவே இல்லை. கறுப்புப் போர்வையைக் கட்டி மறைத்தோம். மேலே தகரக் கூரை, உள்ளே எழுபது பிள்ளைகள், காற்று இல்லை. கால் மணி நேரத்தில் ஒரு சின்னப் பிள்ளை மயங்கிவிட்டாள். தண்ணீர் தெளித்து, வேப்பமரத்தடியில் படுக்க வைத்தோம். அன்றோடு பகலில் இருட்டு உண்டாக்கும் வேலையை விட்டுவிட்டோம்.

இப்போது பகலில் வகுப்பறையில் கையுறைப் பொம்மை மட்டும். தோல்பாவை மாலை ஆறரைக்கு மேல், பள்ளி மைதானத்தில். அதில் வேறொரு லாபமும் இருக்கிறது. வேலை முடிந்து வரும் அம்மாக்கள் அப்போதுதான் வர முடியும். பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டால் பத்துப் பேர் வரும் ஊரில், கூத்து என்றால் பாட்டிமார் உட்பட ஊரே பாயோடு வந்து உட்காரும். தலைமை ஆசிரியர் சொல்ல வேண்டியதை நடுவில் ஐந்து நிமிடம் சொல்லிக்கொள்ளலாம். ஐந்து நிமிடம்தான். அதற்கு மேல் மைக்கைக் கொடுக்க மாட்டோம்.

பிள்ளைகள் சிரிப்பார்கள், சரி. படிப்பு வருமா?

கூத்தைப் பார்த்ததால் மட்டும் வராது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

ஆரம்பத்தில் நாங்கள் நடத்திய ஒரு கூத்து நன்றாகப் போனது என்று நினைத்தோம். கழித்தல் கணக்கைக் கதைக்குள் வைத்து ஒன்றரை மணி நேரம் ஆடினோம். கைதட்டல், விசில். மறுநாள் அதே பள்ளிக்குப் பெட்டி எடுக்கப் போனபோது பிள்ளைகளிடம் கேட்டோம். கோமாளி அடி வாங்கியதை ஒவ்வொருவரும் நடித்தே காட்டினார்கள். கணக்கு என்ன என்று கேட்டதற்கு, "கணக்கா? எப்போ சார்?" என்றான் ஒருவன்.

பிறகு மெதுவாகப் புரிந்தது. பார்க்கும் பிள்ளைக்கு வேலை கொடுக்க வேண்டும். கூத்து முடிந்த பிறகு பொம்மை அந்தப் பிள்ளைகளின் கைக்குப் போக வேண்டும். அதனால் இப்போது 35 நிமிடத்துக்கு மேல் ஆடுவதில்லை. ஒரே பள்ளிக்கு ஒரு பருவத்தில் மூன்று முறை போகிறோம். நடுவில் உள்ள நாட்களில் ஒரு பெட்டிப் பொம்மைகள் பள்ளியிலேயே இருக்கும். மூன்று முறை கூப்பிட முடியாது, ஒரு முறை வாருங்கள் போதும் என்றால், பெரும்பாலும் மறுத்துவிடுகிறோம். ஆண்டு விழாவுக்கு வேறு நல்ல குழுக்கள் இருக்கின்றன.

பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பது என்றால்?

தோல்பாவைக்கூத்தில் உளுவத்தலையன் என்று ஒரு கோமாளி உண்டு. ராமாயணமோ நல்லதங்காளோ, எந்தக் கதையிலும் நுழைந்து எல்லாவற்றையும் தப்பாகப் புரிந்துகொள்வான். பள்ளிக்கு இவனை விடப் பொருத்தமான ஆள் கிடையாது. பகலில் அவன் கையுறைப் பொம்மையாக வருகிறான்.

42-லிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும். உளுவத்தலையன், "ஏழிலே ரெண்டு போனா அஞ்சு, நாலிலே ஒண்ணு போனா மூணு, ஆக 35" என்பான். மூன்றாம் வகுப்பில் நிறையப் பிள்ளைகள் உண்மையாகவே செய்யும் தப்பு இது: எது பெரிய எண்ணோ அதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுவது. வகுப்பில் பாதிப் பேர் "தப்பு, தப்பு" என்று கத்துவார்கள், மீதிப் பேர் முழிப்பார்கள். அவன் விட மாட்டான். "எங்கே தப்பு? நீ வந்து சொல்லு" என்பான். ஒரு பிள்ளை எழுந்து, "ரெண்டில ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கணும்" என்று சொல்லும். உடனே அவன், "கடனா? ஐயையோ, வட்டி யார் கட்டுறது? குழுக்காரம்மா வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்களே" என்று அலறுவான். மகளிர் குழுக் கடன் இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு என்பதால், சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆகும்.

அப்புறம்தான் முக்கியமான இடம். கடன் கொடுத்த 4 என்ன ஆனது? உளுவத்தலையன் 4-ஐ அப்படியே வைத்துக்கொண்டு 35 என்று மறுபடியும் சொல்வான். "கொடுத்தவனுக்குக் குறையாதா?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும் வரை நாங்கள் வாயைத் திறப்பதில்லை. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி மேசையில் வைத்திருப்போம். ஒரு கட்டைப் பிரித்து அவனுக்குக் காட்டுவதும் பிள்ளைகள்தான். 25 வந்ததும் அவன் தோற்றுப்போய் அழுவான். டீச்சரிடம் தப்பான விடை சொல்லப் பயப்படும் பிள்ளை, தன்னைவிட மோசமாகத் தப்புச் செய்யும் ஒருவனுக்குச் சொல்லிக் கொடுக்கத் தயங்குவதில்லை. இத்தனை வருடத்தில் நாங்கள் கற்றுக்கொண்ட பெரிய பாடம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. பொம்மை செய்யும் தப்பு, அந்த வகுப்புப் பிள்ளைகள் உண்மையில் செய்யும் தப்பாக இருக்க வேண்டும். அதனால் கூத்துக்கு ஒரு வாரம் முன்பே பழைய கணக்கு நோட்டுகளை ஆசிரியரிடம் வாங்கிப் பார்த்துவிடுவோம். நோட்டைக் காட்டத் தயங்கும் ஆசிரியர்களும் உண்டு. குறை சொல்ல வரவில்லை என்று புரிய வைக்கக் கொஞ்சம் டீ செலவாகும்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தோடு இது ஒத்துப்போகுமா?

போகும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் வர வேண்டும் என்று தமிழக அரசு கொண்டுவந்த திட்டம் அது. 2022 ஜூனில் அது வந்த பிறகு எங்கள் வேலை எளிதானது என்றே சொல்ல வேண்டும். ஆடல், பாடல், கதை எல்லாம் வகுப்புக்குள் வர அதிலேயே இடம் இருக்கிறது. முன்பெல்லாம் "சிலபஸ் போகுமே" என்று தயங்கியவர்கள் இப்போது அப்படிச் சொல்வதில்லை. எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்த்து, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்திருப்பதும் உதவுகிறது. உளுவத்தலையன் அரும்பு நிலைத் தப்பைச் செய்வான், திருத்துபவர்கள் மொட்டுப் பிள்ளைகள். மலர் நிலைப் பிள்ளைகளை எப்போதும் கடைசியில்தான் கூப்பிடுவோம், இல்லையென்றால் மற்றவர்களுக்கு வாய்ப்பே வராது.

கணக்குக்கு மட்டும்தானா?

தமிழும் அறிவியலும் உண்டு. நிழலே ஒரு அறிவியல் பாடம். பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் கோடு துல்லியமாக விழும், விளக்கின் பக்கம் கொண்டுபோனால் உருவம் பெரிதாகி ஓரம் மங்கும். டியூப் லைட்டை வைத்துச் செய்தால் மங்கலாகவே இருக்கும், செல்போன் டார்ச்சை வைத்தால் கூர்மையாக வரும். ஏன் என்று பிள்ளைகளே மாற்றி மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். ராவணன் திடீரென்று பத்தடி ஆவது எப்படி என்ற ரகசியம் தெரிந்ததும் ஐந்தாம் வகுப்புப் பையன்களுக்கு வரும் பெருமை தனி.

தமிழில் எங்களுக்குப் பிடித்தது ஒரு குறள். "நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று." வெட்கமும் நாண், கயிறும் நாண். பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னால் விளக்கவுரையே வேண்டாம். வள்ளுவர் காலத்திலேயே கயிற்றுப் பொம்மை இருந்திருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

சமூக அறிவியலுக்கு முயன்றோம், சரியாக வரவில்லை. தேதிகளைப் பொம்மை ஒப்பித்தால் அது இன்னொரு வாத்தியார் ஆகிவிடுகிறது.

வாயே திறக்காத பிள்ளைகளுக்கு உதவுமா?

மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிகம் உதவுகிறது. கையில் பொம்மை இருந்தால் எல்லோரும் பொம்மையைப் பார்க்கிறார்கள், பேசுபவளைப் பார்ப்பதில்லை. திரைக்குப் பின்னால் என்றால் இன்னும் நிம்மதி. இரண்டாம் வகுப்பில் ஒரு பெண், உள்ளே போடா என்றாலும் வெளியே வாடா என்றாலும் தலையை மட்டும் ஆட்டுவாள் என்று அவளுடைய டீச்சர் சொன்னார். இரண்டாவது முறை போனபோது பெட்டியிலிருந்த ஆட்டுக்குட்டிப் பொம்மையை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து, எங்கள் கோமாளி பேசியதை வரி மாறாமல் பேசிக்கொண்டிருந்தாள். டீச்சர் அசையாமல் நின்று கேட்டார். "நீ பேசுவியா!" என்று அப்போது ஆச்சரியப்பட்டிருந்தால் அன்றே நிறுத்தியிருப்பாள். அந்த டீச்சர் கேட்டது, "ஆட்டுக்குட்டிக்கு என்ன பேரு?" என்றுதான்.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். சில பிள்ளைகளுக்குப் பொம்மையே பயம். குறிப்பாகத் தோல்பாவை ராவணன். முதல் வரிசையில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். கூத்து தொடங்கும் முன் பாவைகளைத் தொட்டுப் பார்க்க விடுகிறோம். கண் தெரியாத பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். துளைகளைத் தடவியே இது மாலை, இது கிரீடம் என்று சொல்லிவிடுவார்கள். மிருதங்கச் சத்தம் தாங்காத பிள்ளைகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அன்று வாயால் தாளம் போட்டுக்கொள்கிறோம்.

பரம்பரைக் கலைஞர்கள் உங்கள் குழுவில் இருக்கிறார்களா?

ஒரு அண்ணனும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் தோல்பாவைக்கூத்தை நடத்தி வருபவர்கள் பெரும்பாலும் மண்டிகர் சமூகத்தார். வீட்டில் பேசுவது மராத்தி கலந்த மொழி. தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் வந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. மேடையில் அத்தனை பாத்திரத்துக்கும் ஒரே ஆள்தான் குரல் கொடுப்பார், ஆட்டுவதும் அவரே. அண்ணன் சீதைக்குப் பேசி முடிக்கும் முன்பே அனுமனுக்குத் தொண்டை மாறிவிடும். அக்கா ஆர்மோனியம் வாசித்தபடியே அடுத்த பாவையை எடுத்துக் கொடுப்பார். எங்களைப் போன்றவர்கள் பத்து வருடம் பழகினாலும் அது வராது.

அந்த அண்ணன் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஊர் ஊராகக் கூடாரம் மாறும்போது பள்ளியும் மாறியது, பிறகு நின்றே போனது. "நான் உட்கார்ந்து படிக்காத பெஞ்சுக்கு முன்னாலதான் இப்போ கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கூத்துக் குடும்பம் ஒன்று தங்கியிருந்தால், அவர்களை ஆட மட்டும் கூப்பிடாதீர்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பெயர் எந்தப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

காசு எவ்வளவு கேட்பீர்கள்? சேவையாகச் செய்ய முடியாதா?

பிள்ளைகளிடம் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. பள்ளியிடமும் கேட்பதில்லை. பழைய மாணவர்கள், ஊர்க் கமிட்டி, சில சமயம் பக்கத்து மில்லில் இருந்து வரும் உதவியில்தான் ஓடுகிறது. ஆனால் கலைஞர்களுக்குச் சம்பளம் உண்டு. அன்றைக்கே, கையில், போக்குவரத்தோடு. "சர்டிபிகேட் தருகிறோம், சால்வை போடுகிறோம்" என்று சிலர் பேரம் பேசுகிறார்கள். அந்த அண்ணன் வீட்டில் ஏற்கெனவே இரண்டு டிரங்க் பெட்டி நிறையச் சால்வை இருக்கிறது.

குழுவைக் கூப்பிட வசதி இல்லை. ஆசிரியரே செய்ய முடியுமா?

தாராளமாக. சாக்ஸ் பொம்மை செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் சாக்ஸ் போடுபவர்கள் எத்தனை பேர்? பழைய முழுக்கைச் சட்டையின் கையை வெட்டினால் இரண்டு பொம்மைக்கு உடம்பு கிடைத்துவிடும். தலைக்குக் காகிதக்கூழ். பழைய பேப்பரை இரண்டு நாள் ஊற வைத்து அரைத்து, ஊற வைத்த வெந்தயத்தையும் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். இறுகப் பிடிக்கும், பூச்சியும் அவ்வளவாக வராது. பசையில் மயில்துத்தம் போடும் பழைய வழக்கம் உண்டு. பிள்ளைகள் கை வைக்கும் பொருளில் அது வேண்டவே வேண்டாம், விஷம்.

நிழல் பாவைக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை, ஈர்க்குச்சி, கை கால் மூட்டுக்கு நூல் முடிச்சு. நிறம் வேண்டுமென்றால் துளை போட்ட இடத்தில் மிட்டாய்த் தாள் ஒட்டலாம். முறையாகப் பயிற்சி வேண்டும் என்பவர்களுக்கு, 1979-இல் தொடங்கப்பட்டு மத்திய அரசின் கீழ் இயங்கும் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் ஆசிரியர்களுக்குப் பாவைக்கலைப் பயிலரங்குகள் நடத்துகிறது.

குரல் மாற்றிப் பேச வரவில்லையே என்று பல ஆசிரியர்கள் கவலைப்படுகிறார்கள். தேவையில்லை. பேசும்போது உங்கள் கண் பொம்மையைப் பார்த்தால் போதும், பிள்ளைகளின் கண்ணும் அங்கே போய்விடும்.

ஸ்மார்ட் வகுப்பில் பொம்மலாட்ட வீடியோ போட்டால் ஆகாதா?

ஆகாது. "நீ வந்து சொல்லு" என்று வீடியோ கூப்பிடாது.

கூத்தில் வரும் பச்சைப் பேச்சு, அடிதடி எல்லாம் பள்ளிக்குச் சரியா?

பாரம்பரியக் கோமாளி வசனத்தில் இரட்டை அர்த்தம் இருக்கும், கறுப்பு நிறத்தையும் குண்டு உடம்பையும் திக்குவாயையும் கேலி செய்வது இருக்கும், பெண்டாட்டியை அடிப்பது இருக்கும். விடிய விடியக் கூத்துப் பார்க்கும் பெரியவர்களுக்காக வளர்ந்தது அது. பள்ளிக்கு அப்படியே கொண்டு வர முடியாது. எதை எடுப்பது என்று அண்ணனுடன் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். "அடியை எடுத்தா சிரிப்பு எங்கே?" என்பது அவர் வாதம். கடைசியில் ஒத்துக்கொண்டது இப்படி: அடி விழலாம், ஆனால் அது உளுவத்தலையன் தன் தலையிலேயே தானே போட்டுக்கொள்ளும் அடியாக இருக்க வேண்டும். சிரிப்பு குறையவில்லை. சாதிப் பெயர் ஒட்டிய பாத்திரப் பெயர்களையும் மாற்றிவிட்டோம். பேச்சு வழக்கை மட்டும் மாற்றவில்லை. பொம்மை கரிசல் தமிழ்தான் பேசும், புத்தகத் தமிழைப் பிள்ளைகள் அதற்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

குழந்தைத் திருமணம், தவறான தொடுதல் போன்ற விஷயங்களைப் பொம்மை மூலம் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் வேண்டாம். பொம்மையிடம் பிள்ளைகள் எதையும் சொல்லிவிடுவார்கள், அதுவும் எல்லோர் முன்னாலும். அப்படி ஏதாவது தொடங்கினால் பொம்மை மெதுவாகப் பேச்சை மாற்ற வேண்டும். பிறகு அந்தப் பிள்ளை நம்பும் ஆசிரியர் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யார் பேசுவது என்பது கூத்துக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத பள்ளியில் நாங்கள் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறோம்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? எப்போது வருவீர்கள்?

தலைமை ஆசிரியரின் ஒப்புதலும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் இருந்தால், வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கடிதம் கொடுப்பது சுலபம். கதைச் சுருக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஜூனில் சேர்க்கை வேலை இருக்கும், வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை, மைதானம் சேறாகிவிடும், தோலும் ஈரத்தில் சுருண்டுகொள்ளும். பங்குனி, சித்திரையில் கோயில் கொடை விழாக்கள் இருப்பதால் அண்ணனும் அக்காவும் கிடைக்க மாட்டார்கள், அவர்களுக்கு நல்ல வருமானம் வருவதே அந்த இரண்டு மாதம்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரையும், பொங்கல் முடிந்து பிப்ரவரி வரையும் வருவோம். வரும் அன்று எங்களுக்கு ஒரு மேசை, நீளமான வயர், குடிக்கத் தண்ணீர் போதும். சத்துணவில் முட்டை போடும்போது, எங்களுக்கும் சேர்த்து என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளின் முட்டை எண்ணிக்கை அது. நாங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டே வருவோம்.